எழுபது வளைவு... ரெண்டு பிரேக்!

‘மச்சி, வர்ற ஞாயித்துக்கிழமை சைக்கிள்லயே கொல்லிமலை ஏறுறோம்டா!’ என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் எவனாவது ஒருத்தன் கொளுத்திப் போட்டிருப்பான். உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பும். ‘எழுபது கொண்டை ஊசி வளைவுடா... நெஞ்சு வெடிச்சிடும்’ என்று ஒரு கோஷ்டி. ‘ஏறுறதுதான் கஷ்டம். இறங்கும்போது மிதிக்கவே வேணாம், செம ஜாலி’ என்று இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேர் சொல்றதும் தப்பு பாஸ்! கொல்லிமலை ஏற்றம் உங்களுக்கு மூச்சு வாங்க வைக்கும், அவ்வளவுதான். ஆளைச் சாய்க்கிற சமாசாரமெல்லாம் இறக்கத்தில்தான் இருக்கு.

முதல்ல ரூட்டைப் பார்த்துடுவோம். நாமக்கல்லில் கிளம்பி சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக காரவள்ளி. இதுவரைக்கும் கிட்டத்தட்ட சமதளம். காலை வார்ம்-அப் பண்ணிக்கொள்ள அளவெடுத்துத் தைத்த மாதிரி ரோடு. காரவள்ளிதான் அடிவாரம். அங்கே ஒரு செக்போஸ்ட். அதைத் தாண்டினால் வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டு போர்டு வைத்திருப்பார்கள். 1/70 என்ற போர்டைப் பார்க்கும்போது சிரிப்பு வரும். 23/70 வரும்போது அந்தச் சிரிப்பு எங்கே போச்சு என்று தேடுவீர்கள்!

ஆனால் அந்த போர்டைப் பார்த்துப் பயப்படாதீங்க. வளைவு அதிகம் என்றால் ஏற்றம் செங்குத்து என்று அர்த்தமில்லை, நேர் எதிர்! ஒரே மலையை ஒரே உயரத்துக்கு ஏறணும். அதற்கு ரோட்டை வளைத்து வளைத்து நீளமாக்கினால் சரிவு குறையும். காரவள்ளியில் இருந்து மேலே சோளக்காடு வரை சுமார் 900 மீட்டர் உயரம். அதை இருபது கிலோமீட்டருக்கும் மேலே நீட்டி விரித்துப் போட்டிருக்கிறார்கள். சராசரியாக நூறு மீட்டர் போனால் நாலு, நாலரை மீட்டர் ஏறுவீர்கள். பிரான்சில் சைக்கிள் ரேஸ் உலகமே கும்பிடுகிற அல்ப் துயெஸ் மலையில் வளைவுகள் 21தான். ஆனால் அங்கே நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏற்றம். 21 வளைவு பிழிந்தெடுக்கும். 70 வளைவு தட்டிக்கொடுக்கும். ரோடு போட்ட இன்ஜினீயர் உங்கள் கட்சி!

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 900 மீட்டரை எழுபதால் வகுத்தால் ஒரு வளைவுக்குக் கிட்டத்தட்ட 13 மீட்டர். அதாவது ஒரு நாலு மாடிக் கட்டடம். மலையை மொத்தமாக நினைக்காமல் ‘அடுத்த நாலு மாடி, அடுத்த நாலு மாடி’ என்று போய்க்கொண்டே இருங்கள். முதல் தடவை மூணு மணி நேரம் ஆனாலும் கௌரவக் குறைச்சல் கிடையாது. பக்கத்தில் போகிறவனோடு பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச முடியவில்லையா, குறைங்க. முதல் பத்து வளைவில் சீறிப் பாய்கிறவனை நாற்பதாவது வளைவு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கப் பார்க்கலாம்.

கியர் இல்லாத சைக்கிளில் ஏறலாமா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். நம்ம வீட்டு பழைய கறுப்பு சைக்கிளில் முன்சக்கரப் பல் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்று சுற்றினால் ஐந்து மீட்டருக்கு மேல் வண்டி போகும். ரோடு பைக்கில் சின்ன கியர் போட்டால் ஒரு சுற்றுக்கு ரெண்டு மீட்டர் சொச்சம்தான். மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது ரோடு பைக்காரர் நிமிஷத்துக்கு அறுபது சுற்று லேசாகச் சுற்றுவார். கறுப்பு சைக்கிள்காரர் இருபத்தைந்து சுற்றுதான், ஆனால் ஒவ்வொரு சுற்றும் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி. வேலை ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். முட்டி வாங்குகிற அடி வேறு. முடியாதென்று சொல்லவில்லை. முட்டி வலித்தால் இறங்கித் தள்ளுங்கள், சைக்கிள் கோவிச்சுக்காது. லட்ச ரூபாய் பைக் வாங்கிய பிறகுதான் மலைக்குப் போவேன் என்று அடம் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான். காசு கொஞ்சம்தான் இருக்கிறதா? அதை பிரேக்கில் போடுங்கள். ஏன் என்று இதோ வருகிறேன்.

மேலே ஏறியதும் ‘ஹையா, முடிஞ்சது’ என்று கையைத் தூக்கிவிடாதீர்கள். கொல்லிமலை மேலே தட்டை கிடையாது. ஊருக்கு ஊர் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். மிளகுக் கொடி, காபிச் செடி, பலா, அன்னாசி, மரவள்ளி, நடுநடுவே சாமையும் ராகியும் போட்ட காடு... கண்ணுக்கு விருந்துதான். சோளக்காட்டில் பழக்கடைகள் இருக்கும். அன்னாசி ஒரு கீற்று உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டால் போன உயிர் திரும்பி வரும். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருத்தர், இந்த மலைக்கே ராஜா. ஒரு வணக்கம் போட்டுட்டுப் போங்க!

அங்கே இருந்து அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் மிதித்துப் போகலாம். ஆனால் கோயிலுக்குப் பக்கத்தில் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேலே. அன்றைக்கே சைக்கிளில் மலை இறங்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து அந்தப் படிகளை இன்னொரு நாளைக்கு ஒத்திப் போடுங்கள். படி ஏறி வந்த தொடை நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுங்குகிற காலோடும் அசதியான கையோடும் எழுபது வளைவு இறங்குவது வீரம் இல்லை.

சரி, இறக்கத்துக்கு வருவோம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 900 மீட்டர் ஏறியதில் சுமார் 700 கிலோஜூல் சக்தியை மலை மேலே சேர்த்து வைத்திருக்கிறீர்கள். இறங்கும்போது அது எங்கேயாவது போயாகணும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு மெதுவாகப் போகிற ரோட்டில் பெரும் பங்கு பிரேக்குக்குத்தான். 700 கிலோஜூல் என்றால் என்ன? ரெண்டு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கிற சூடு! அதில் பெரும்பகுதி உங்கள் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் இறங்குகிறது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும், ட்யூபில் காற்றழுத்தம் ஏறும், எங்கேயோ ஒரு வளைவில் ‘டமார்’! டிஸ்க் பிரேக்காக இருந்தாலும் சூடு சூடுதான், பிடிமானம் குறையும்.

அப்போ என்ன பண்ணணும்? வளைவுக்கு முன்னாடியே நேர் ரோட்டில் நல்லா அழுத்தி வேகத்தைக் குறைங்க. வளைவுக்குள்ளே நுழையும்போது பிரேக் கிட்டத்தட்ட விட்டிருக்கணும். வெளியே வந்ததும் சக்கரத்துக்குக் காற்று வாங்க விடுங்க. மறுபடி அடுத்த வளைவுக்கு முன்னாடி அழுத்துங்க. ‘முன் பிரேக் பிடிச்சா தலைகுப்புற விழுவே’ என்று சின்ன வயசில் யாரோ பயமுறுத்தியதால் பின் பிரேக்கை மட்டுமே நம்புகிறவர்கள் அதிகம். வண்டியை நிஜமாக நிறுத்துவது முன் பிரேக்தான், ஏனென்றால் பிரேக் போடும்போது எடை முன்னால் சாயும். ரெண்டையும் சேர்த்து, பதமாக, உடம்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து பிடிக்கப் பழகுங்க. இதைக் கத்துக்கிற இடம் காலேஜ் கிரவுண்டு. அறுபத்தெட்டாவது வளைவு இல்லை!

வேகத்தை இரட்டிப்பாக்கினால் நிற்கிற தூரம் ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். மணிக்கு நாற்பதில் வந்தால், எதிரே பஸ்ஸைப் பார்த்து மூளை யோசிக்கிற ஒரு விநாடியிலேயே பதினோரு மீட்டர் போயிருப்பீர்கள். அந்த பஸ் டிரைவருக்கு வளைவில் ரோடு முழுக்கத் தேவை. அவர்மேல் குத்தம் இல்லை, வண்டி அவ்வளவு நீளம். குறுகலான மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவர் வழி விடணும். சாலை விதியே அப்படித்தான் சொல்கிறது. ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே இடது ஓரமாக நின்றுவிடுங்கள். அதில் தினமும் போகிறவர்கள் பலாப்பழ மூட்டையோடு சந்தைக்குப் போகிற மலைவாழ் மக்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும். உங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை ரோடு. அவர்களுக்கு எல்லா நாளும் அதுதான் ரோடு.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி பிரேக் கட்டையைக் குனிந்து பாருங்கள். காடி தேய்ந்து மழமழவென்று இருந்தால் புதுசு மாத்துங்க. கேபிள் இழை பிரிந்திருந்தால் அதையும். பிரேக் லீவரை முழுக்க அழுத்தினால் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்லணுமா? ஒரு விண்ட்சீட்டரை மடித்து பையில் வையுங்க. மேலே அஞ்சாறு டிகிரி குளிர்ச்சி. வேர்த்த உடம்போடு இறங்கினால் விரல் விறைத்துப் போகும், விறைத்த விரல் பிரேக் பிடிக்காது. மழை, பனிமூட்டம் என்றால் ஈர ரிம்மில் பிரேக் உடனே கவ்வாது, சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் கவ்வும். அப்படிப்பட்ட நாளில் பஸ் டாப்பில் சைக்கிளை ஏற்ற கண்டக்டர் அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க. வெட்கமே வேண்டாம்.

கொல்லிமலையில் கை பழகியதும் சேலத்துக்காரர்கள் ஏற்காட்டுக்குப் போகலாம். சேலம் பக்கம் 20 வளைவு. குப்பனூர் வழியாக இன்னொரு ரோடும் இருப்பதால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாம். ஆழியாறு - வால்பாறை ரோட்டில் 40 வளைவு. அழகு அள்ளும், ஆனால் அது யானையும் சிறுத்தையும் நடமாடுகிற காடு. விடிந்த பிறகு ஏறி, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேருங்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் கொல்லிமலையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலே. சீசன் நேரத்தில் குன்னூர் ரோட்டில் ஏற மட்டும், கோத்தகிரி ரோட்டில் இறங்க மட்டும் என்று ஒருவழிப் பாதை ஆக்குவதுண்டு. அதனால் ஏப்ரல், மே என்றால் மேட்டுப்பாளையத்திலேயே விசாரித்துவிட்டு சைக்கிளைத் திருப்புங்கள்.