உழைப்பையும் விற்றார்கள், ஆளையும் விற்றார்கள்!

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஸ்டோல்பெர்க் என்று ஒரு சிறிய ஊர். ஊருக்கு மேலே ஒரு குன்று. குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை. பெயர் ஹோஹெனெக். கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு ஏதோ ராஜா காலத்து அரண்மனை போலத் தோன்றும். ஆனால் உள்ளே மூன்று ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தது. காலை, மாலை, இரவு என்று தையல் யந்திரங்களின் சத்தம் ஓயாது. வேலை செய்த பெண்கள் அத்தனை பேரும் கைதிகள்!

கம்யூனிஸ்டு ஆட்சி நடந்த கிழக்கு ஜெர்மனியின் முக்கியமான பெண்கள் சிறை இது. 1950-ல், ரஷிய ராணுவ கோர்ட்டுகளில் தண்டனை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை சாக்சன்ஹவுசன் முகாமிலிருந்து இங்கே கொண்டு வந்தார்கள். சிலர் இடுப்பில் முகாமிலேயே பிறந்த கைக்குழந்தைகள் இருந்தன. அந்தக் குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என்ன குற்றம்?

கொலைகாரிகளும் திருடிகளும் அங்கே இருந்தார்கள். அவர்களோடு சேர்த்து அடைக்கப்பட்ட மற்றவர்கள் செய்த குற்றம் என்ன? பெரும்பாலும் ஒன்றுதான். நாட்டை விட்டு வெளியேற முயன்றது. 1961-ல் பெர்லின் சுவர் எழுந்த பிறகு மேற்கே போக வழி அடைந்துவிட்டது. மீறிப் போக முயன்றவர்களுக்கு, தண்டனைச் சட்டத்தின் 213-வது பிரிவு காத்திருந்தது. “எங்களைப் போக விடுங்கள்” என்று திரும்பத் திரும்ப மனுப் போட்டவர்களும் வேறு பிரிவுகளில் சிக்கினார்கள்.

அரசாங்கமோ இவர்களை அரசியல் கைதிகள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அரசியல் கைதியே எங்கள் நாட்டில் இல்லை என்றது. இதனால் கொலைக் குற்றவாளி ஒருத்தியே அறைக்குத் தலைவியாக இருந்து, பட்டம் படித்த பெண்ணை அதட்டுவதும் நடந்தது.

சுமார் 600 பேருக்கான கட்டிடம். 1970-களின் நடுவில் அதில் 1,600 பேர் வரை இருந்தார்கள். மூன்றடுக்குக் கட்டில்கள். ஒரு ஷிப்டு தூங்கும்போது இன்னொரு ஷிப்டு எழுந்து போகும். விளக்கும் அதட்டலும் தூக்கத்தைக் கெடுக்கும். ஷிப்டு வேலை பார்த்தவர்களுக்கு அந்த அரைத்தூக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

படுக்கை விரிப்பு, தலையணை உறை, பெண்கள் அணியும் நைலான் காலுறை ஆகியவற்றைத் தைப்பது, மின்சார மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது ஆகியவைதான் வேலை. நாளுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. புதிதாக வந்தவள், ஊசியைத் தொட்டே அறியாதவள் என்பதெல்லாம் செல்லாது. கணக்குக் குறைந்தால் சிறைக் கடையில் சாமான் வாங்கும் உரிமை போகும். வீட்டிலிருந்து வரும் பார்சல் நிற்கும். மகனையோ மகளையோ பார்க்கும் நாளும் போகும். வேலை செய்ய மறுத்தால் தனிச்சிறை.

கூலி கொடுக்காமல் இல்லை. கொடுத்தார்கள். ஆனால் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டு, மீதியில் சிறைக் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகக் கொஞ்சம்! இத்தனைக்கும் அந்த நாடு தன்னை “தொழிலாளர், விவசாயிகளின் அரசு” என்றே அழைத்துக்கொண்டது.

சரக்கு எங்கே போனது?

கிழக்கு ஜெர்மனிக்கு அன்னியச் செலாவணி தேவைப்பட்டது. மேற்கு நாட்டுக் கடைகளுக்கோ மலிவான சரக்கு தேவைப்பட்டது. சிறையில் தைத்த காலுறையும் விரிப்பும் எல்லை தாண்டிப் போயின. விடுதலையாகி மேற்கே வந்த பெண்கள் சிலர், தங்கள் கை பட்ட சரக்கைக் கடை அலமாரியில் பார்த்துத் திகைத்து நின்றதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

சரக்குப் போன அதே திசையில் மனிதர்களும் விற்கப்பட்டார்கள். 1963 முதல் 1989 வரை மேற்கு ஜெர்மனி அரசு 33,000-க்கும் மேற்பட்ட அரசியல் கைதிகளை விலை கொடுத்து மீட்டது. முதலில் தலைக்குச் சுமார் 40,000 மார்க். 1977-லிருந்து 95,847 மார்க்! பேரம் முடிந்ததும் கைதியை கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் நகரின் காஸ்பெர்க் சிறைக்கு மாற்றுவார்கள். அங்கிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டி கீசன் முகாமுக்கு. பிள்ளை கிழக்கே இருக்க, தாய் மட்டும் பஸ்ஸில் ஏறிய கதைகளும் உண்டு.

விலைக்கு வாங்கியது நல்ல காரியமா, அல்லது இன்னும் பலரைப் பிடித்து அடைக்க அந்த அரசுக்கு ஆசை மூட்டியதா? ஜெர்மனியில் இன்றைக்கும் இதைப் பற்றி வாதம் நடக்கிறது. உள்ளே இருந்தவளுக்கு அந்தச் சந்தேகம் எழுந்திருக்காது.

1989-ல் சுவர் விழுந்தது. அரசியல் கைதிகள் விடுதலையானார்கள். கோட்டை மட்டும் 2001 வரை சிறையாகவே இருந்தது. தைத்த விரிப்புகளின் கணக்கைக் கேட்கப் பல வருஷம் யாரும் இல்லை. 2012-ல்தான் சுவீடனின் மரச்சாமான் நிறுவனமான ஐகியா, தான் வாங்கிய சரக்கில் கிழக்கு ஜெர்மனி அரசியல் கைதிகளின் உழைப்பும் இருந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அதன் பிறகும் 12 வருஷம் கழிந்தது. 2024 அக்டோபரில், கம்யூனிஸ்டு ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு 60 லட்சம் யூரோ தருவதாக அதன் ஜெர்மன் கிளை உறுதி கூறியது.

அதே ஆண்டு ஹோஹெனெக் கோட்டையில் நினைவகம் திறக்கப்பட்டது. முன்னாள் கைதிகளில் பலர் இன்று பாட்டிமார்கள். அன்று மலிவாகச் சரக்கு வாங்கிய மற்ற நிறுவனங்களும் முன்வந்து பணம் தரவேண்டும் என்று பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் கேட்டிருக்கின்றன.