பானகம் செய்வது எப்படி?



எங்கள் வீடு தாராபுரத்தில் இருந்து பழனி போகும் ரோட்டோரம் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து, காவடியோடு பழனிக்கு நடந்து போகிறவர்கள் பலர் எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். அவர்களுக்கு வேப்ப மரத்தடியில் பந்தல் போட்டு பானகம் கொடுப்பது எங்க அப்பாரு காலத்தில் இருந்து வரும் வழக்கம். அப்பாரு இறந்த பிறகு அப்பத்தா கொடுக்கிறார். அதற்காக முதியோர் பென்ஷனில் மாசாமாசம் கொஞ்சம் எடுத்து அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைப்பார்.

தேவையானவை (10 லிட்டருக்கு):
தண்ணீர் – 10 லிட்டர்
வெல்லம் – ஒன்றரை கிலோ
புளி – பெரிய எலுமிச்சை அளவு 2 உருண்டை
சுக்கு – விரல் நீளம் 3 துண்டு
ஏலக்காய் – 20
உப்பு – 2 சிட்டிகை
துளசி – ஒரு கைப்பிடி

வெல்லத்தைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். மண்ணும் கரும்புச் சக்கையும் துணியிலேயே நின்றுவிடும். புளியை ஊறவைத்துக் கரைத்து அதையும் வடிகட்டிச் சேர்க்கணும். சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டு இடிக்கணும். ஏலக்காயைக் கடைசியில்தான் பொடித்துப் போடணும், முன்னாடியே பொடித்தால் வாசம் போயிரும். பிறகு உப்பு, துளசி போட்டுக் கலக்கி, மண்பானையில் ஊற்றி ஈரத்துணி சுற்றி வைக்கணும். பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் பானகம் குளுகுளு என்று இருக்கும்.

ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் செய்யக் கூடாது. புளியில் இருக்கும் டார்ட்டாரிக் அமிலம் பித்தளையில் உள்ள செம்பைக் கரைத்துவிடும்.

வெயிலில் நடப்பவர்களுக்கு வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகும். பானகத்தில் இரண்டும் இருக்கிறது. வெல்லம் உடனே தெம்பு கொடுக்கும்.

இனி நான் செய்த தப்பு. அப்பத்தா எப்பவும் விடியக்காலம் 4 மணிக்கு எழுந்துதான் பானகம் கரைப்பார். "முந்தின நாளே கரைச்சா என்ன அப்பத்தா?" என்று கேட்டால், "அது ஆகாது அம்மிணி" என்பார். நான் அதைச் சாஸ்திரம் என்று நினைத்துவிட்டேன். போன வருஷம் அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. பாவம், தூங்கட்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கே நானாகக் கரைத்துப் பானையில் ஊற்றி வைத்தேன். பானையையும் சரியாகக் கழுவவில்லை.

மறுநாள் 11 மணிக்குத் திறந்தால் மேலே நுரை, ஒரே புளிச்ச வாடை! அப்பத்தா மோந்து பார்த்துவிட்டு, "இது பானகமில்ல கண்ணு, கள்ளாகப் பாக்குது. விரதக்காரங்களுக்கு இதைக் குடுக்கலாமா?" என்றார். ஒன்றரை கிலோ வெல்லமும் தென்னை மரத்தடிக்குப் போனது. நான் அழுதுவிட்டேன். அவர் திட்டவே இல்லை. கடையில் கடனுக்கு வெல்லம் வாங்கி வரச் சொன்னார். மறுபடியும் கரைத்து முடிப்பதற்குள் இரண்டு கூட்டம் எங்கள் பந்தலைத் தாண்டிப் போய்விட்டது.

அறிவியல் ஐயாவிடம் கேட்டேன். ஈஸ்ட் என்ற நுண்ணுயிரி சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். இதுதான் நொதித்தல். நுரை வந்தது அந்த வாயுவால்தான். வெயில் காலத்தில் இது வேகமாக நடக்கும். பதநீர் கள்ளாவதும் இப்படித்தான். அதைத் தடுக்கத்தான் பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களாம்.

அப்பத்தாவுக்கு அளவு எல்லாம் கையில்தான், எழுதி வைத்தது கிடையாது. மேலே உள்ள அளவெல்லாம் அவர் ஒவ்வொரு கைப்பிடியாக அள்ளிக் கொடுக்க, நான் கடைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதியது. இந்த வருஷம் 4 மணிக்கு நான்தான் எழுந்தேன். அப்பத்தா கட்டிலில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "சுக்கு இன்னும் கொஞ்சம்" என்று மட்டும் சொன்னார்.

நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். செய்த அன்றைக்கே குடித்துவிடுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி