உங்களுக்குத் தெரியுமா? மன்னரையும் கவர்ந்த மல்வோலியோ

• ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்த் நைட்' என்னும் இன்பியல் நாடகத்தின் தலைப்புக்கு அருகே, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், தம்மிடமிருந்த 1632ஆம் ஆண்டுத் தொகுப்பில், அதன் துணைப்பாத்திரமான மல்வோலியோவின் பெயரைத் தம் கைப்பட எழுதிவைத்தார்.

• 1602 பிப்ரவரி 2 அன்று, லண்டன் வழக்கறிஞர் கழகங்களுள் ஒன்றான மிடில் டெம்பிளின் மண்டபத்தில் இந்நாடகத்தைக் கண்ட சட்ட மாணவர் ஜான் மேனிங்காம், தலைவி ஒலிவியா தன்னைக் காதலிப்பதாகக் கூறும் பொய்க்கடிதத்தை நம்பி ஏமாறும் காரியஸ்தன் மல்வோலியோவின் கதையைத் தம் நாட்குறிப்பில் பாராட்டினார். ஆயினும், உடன்பிறந்தவனை இழந்து துக்கம் காக்கும் ஒலிவியாவை அவர் விதவை என்றே குறித்துள்ளார்.

• நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ், 1661, 1663, 1669 ஆகிய ஆண்டுகளில் மும்முறை இந்நாடகத்தைக் கண்டும், ஒருமுறையும் அதில் மனம் ஒன்றவில்லை.

• மல்வோலியோவைக் காண அரங்கின் மாடங்களெல்லாம் நிரம்பி வழிந்ததாக, 1640இல் அச்சான கவிதையொன்றில் லியோனார்ட் டிக்ஸ் பாடியுள்ளார்.

• மேனிங்காம் நாடகம் பார்த்த அந்த மண்டபம் இன்றும் நிலைத்திருக்க, அங்கேயே 2002இல், நானூறாம் ஆண்டு நிறைவையொட்டி, லண்டன் குளோப் அரங்கத்தார் இந்நாடகத்தை மீண்டும் நடித்தனர்.