மசில் கார் என்னும் வலிமிகு மோட்டார் வண்டி

மனிதர் ஊர்திகளைப் பயன் ஒன்றையே கருதி விரும்புவதில்லை. வயலுக்கு எரு ஏற்றிச் செல்ல ஒரு கட்டை வண்டியே போதுமாயினும், நம் முன்னோர் வில்வண்டிக்கு வர்ணம் தீட்டி, மாட்டின் கழுத்திற் சதங்கை கட்டி மகிழ்ந்தனர். அவ்விருப்பமே இக்காலத்தில் மோட்டார் வண்டியின்மேற் சென்றுள்ளது. குரும்பகரம் போன்ற காரைக்காற் பகுதிச் சிற்றூர்களிலும், அமெரிக்க நாட்டு 'மசில் கார்' என்பதன் படத்தைக் கைப்பேசியிற் பார்த்து அதன் உறுமலுக்குச் செவிசாய்க்கும் இளைஞர் இன்று பலர். ஆதலின் அவ்வண்டி யாது, அதனை உடையவன் எவற்றை ஏற்க வேண்டும், நம் நாட்டுச் சாலையில் அதனை ஓட்டுதல் எத்தகையது என்பவற்றை இங்குச் சுருங்க விளக்குவோம்.

'மசில்' என்பது தசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். உடல் நடுத்தரமாய், விலை மிதமாய், இயந்திரம் மட்டும் மிகப் பெரிதாய் அமைந்த வண்டியை அமெரிக்கர் அப்பெயரால் வழங்கினர். 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்பதே இவ்வகைக்கு வழிகாட்டி எனப் பலரும் கூறுவர். நடுத்தர வண்டியிற் பெரிய இயந்திரம் பொருத்தலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமை எஞ்சினியராயிருந்த ஜான் டிலோரியனும் அவர்தம் துணைவரும் 389 கன அங்குல இயந்திரத்தை, வாங்குவோர் விரும்பினாற் சேர்த்துக்கொள்ளும் உறுப்பாக வைத்து, அவ்விதியைத் தந்திரமாய்க் கடந்தனர். அதே ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சியில் போர்டு கம்பெனி தன் மஸ்டாங் வண்டியை 2,368 டாலர் தொடக்க விலைக்கு வெளியிட்டது. முதற் பன்னிரண்டு மாதங்களுள் 4 இலட்சத்திற்கு மேற்பட்ட மஸ்டாங்குகள் விற்பனையாயின. நுணுகி நோக்குவோர் மஸ்டாங்கைப் 'போனி கார்' என வேறு பிரிப்பர். எனினும் அதன் எட்டுச் சிலிண்டர் வகைகளை உலகோர் மசில் கார் என்றே அழைக்கின்றனர்.

இவ்வண்டிகளின் முதற் செழிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. இளைஞர் பலர் விபத்துக்குள்ளாகவே இன்ஷூரன்சுக் கட்டணம் உயர்ந்தது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக்கு வரம்பிட்டது. 1973ஆம் ஆண்டு அக்டோபரில் அராபிய நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பெட்ரோல் விலை ஏறிற்று. வலிமை மட்டும் கருதிய வண்டி விலைபோகாமற் சோர்ந்தது. பின்னர் எரிபொருளை அளந்து செலுத்தும் மின்னணுக் கருவிகள் வந்தபின்பே, புகை குறைத்து வலிமை கூட்டுதல் இயல்வதாயிற்று. இன்றைய மசில் கார் அவ்விரண்டாம் பிறவியைச் சார்ந்தது.

இனி அதன் இயந்திரத்தைக் காண்போம். நான்கு நான்காக இரு வரிசையில் எட்டுச் சிலிண்டர்கள், முன்னின்று நோக்கின் ஆங்கில 'வி' எழுத்துப்போற் சாய்ந்து நிற்கும். ஆகவே அதனை 'வி-8' என்பர். ஒவ்வொரு சிலிண்டரும் தண்டு இருமுறை சுழல்வதற்குள் ஒருமுறை வெடிக்கும். இருமுறைச் சுழற்சி 720 பாகை. அதனை எட்டாற் பகுப்பின் 90 பாகைக்கு ஒரு வெடி கிடைக்கும். இடையறாது வெடி நிகழ்தலின் தண்டு சீராய்ச் சுழல்கிறது. ஆயினும் ஒரு வரிசையை மட்டும் தனியே நோக்கின், அதன் வெடிகள் ஒத்த இடைவெளியில் அமைவதில்லை. இரண்டு அடுத்தடுத்து வரும், பின் ஓர் இடைவெளி நேரும். புகைக்குழாய்வழி வெளிவரும் அவ்வொழுங்கின்மையே கேட்போர் நெஞ்சில் அதிரும் உறுமலாகும். அவ்வுறுமல் வலிமையின் அளவுகோல் அன்று. வெடிகளின் வரிசை முறையால் விளைவதேயாம்.

இந்தியாவுக்கு முறைப்படி வந்த இவ்வகை வண்டி ஆறாந் தலைமுறை மஸ்டாங் ஜி.டி. ஆகும். அதற்கு முந்திய ஐந்து தலைமுறைகளும் இடப்பக்கத்திற் சக்கரம் பிடிக்கும் அமைப்பினவாகவே ஆலையில் ஆக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டிலேதான் மிச்சிகன் மாநிலத்து பிளாட் ராக் ஆலையில் வலப்பக்க அமைப்புடைய மஸ்டாங் முதன்முதலாகச் செய்யப்பட்டது. ஆதலின் 2016ஆம் ஆண்டு ஜூலையில் அஃது இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. தில்லிக் கடைவிலை 65 இலட்சம் ரூபாய். அதன் இயந்திரம் 5 லிட்டர் கொள்ளளவும் ஏறக்குறைய 400 குதிரைத் திறனும் உடையது. இவ்வெண் எத்துணைப் பெரிது என்பதை நம் ஊர் அளவையாற் கூறுவோம். வயலுக்கு நீர் இறைக்கும் பம்பு செட்டு பெரும்பாலும் 5 குதிரைத் திறனுடையது. அத்தகைய 80 பம்பு செட்டுகளின் வலிமையை ஒரு மனிதன் தன் வலக்காற் கட்டைவிரலின்கீழ் வைத்திருக்கிறான் என்று கொள்க.

போர்டு கம்பெனிக்கு நம் மாநிலத்து அண்மையிலேயே, செங்கற்பட்டை அடுத்த மறைமலைநகரில் ஆலை இருந்தது. ஆயினும் மஸ்டாங் அங்குச் செய்யப்பட்டதன்று. முழு வண்டியாகவே கப்பலில் வந்திறங்கியது. 2013ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், விலையுயர்ந்த முழு வண்டிகளுக்குரிய சுங்கம் நூற்றுக்கு 75இலிருந்து 100ஆக உயர்த்தப்பட்டிருந்தது. அஃதாவது வண்டியின் மதிப்புக்கு நிகரான தொகை துறைமுகத்திலேயே அரசுக்குச் சென்றது; ஏனைய வரிகள் அதன்மேல் ஏறின. அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியரும் கடன் பெற்று வாங்கத்தக்க வண்டி, நம் நாட்டிற் பெருஞ்செல்வர் உடைமையானதற்குக் காரணம் இதுவே. எளியோரும் வாங்கத்தக்க வலிமை என்பதே மசில் காரின் பிறவிக் குணம். கடல் கடந்தவுடன் அக்குணம் அதனைவிட்டு நீங்கிற்று.

வாங்கியபின் பதிவு செய்தல் வேண்டும். காரைக்காலைச் சார்ந்த நாம் நன்கு அறியவேண்டிய செய்தி இங்கே உள்ளது. வாழ்நாள் வரி மாநிலந்தோறும் வேறுபடும். தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு நவம்பர் முதல், 20 இலட்சத்திற்கு மேற்பட்ட விலையுடைய காருக்கு நூற்றுக்கு 20 என வரி விதிக்கப்பட்டது. 65 இலட்ச ரூபாய் வண்டிக்கு அது 13 இலட்சமாகும். புதுச்சேரி ஆட்சிப் பகுதியிலோ வரி மிகக் குறைவாக இருந்துவந்தது. அதனால் வேற்று மாநிலத்துச் செல்வர் சிலர், இங்கே ஒருநாளும் குடியிராதிருந்தும், பொய் முகவரி காட்டிப் புதுச்சேரி எண் பெற்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது; 2017ஆம் ஆண்டிற் கேரள அரசு இதுபற்றி விசாரணை தொடங்கிற்று.

சட்டம் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, உடையவன் குடியிருந்தோ தொழில் நடத்தியோ வண்டியை வழக்கமாய் வைத்திருக்கும் மாநிலத்திற் பதிவு செய்தல் வேண்டும் என்கிறது. 47ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைத்திருப்பின் அங்குப் புது எண் பெறவேண்டும் என விதிக்கிறது. குரும்பகரத்திற் குடியிருப்பவர் காரைக்காலுக்குரிய 'பி.ஒய்.02' எண் பெறுதல் அவர் உரிமை. அதே எண்ணைத் தூரத்து நகரத்தார் பொய்யுரைத்துப் பெறுதல், தாம் நாளும் மிதித்துச் செல்லும் சாலைக்குரிய பொருளை மறுத்தலாகும். நம் ஊரார் எவரேனும் உறவு கருதியோ ஊதியம் கருதியோ தம் வீட்டு முகவரியை இதற்குக் கொடுப்பின், அவரும் அப்பொய்யிற் பங்காளரே. ஐம்பது இலட்சத்திற்கு மேல் வண்டிக்குச் செலவிட வல்லவர், பத்து இலட்சத்துக்காகப் பொய் சொல்ல ஏழையொருவரைத் துணைக்கழைத்தல் எத்துணை இழிவு!

இனி ஓட்டும் முறை. காரைக்கால் மாவட்டம் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு முதலியவற்றால் ஊடறுக்கப்பட்ட நெல் விளையும் நிலம். அறுவடைக் காலத்திற் சாலையின் ஒரு பாதி நெல் உலர்த்தும் களமாகும். மறு பாதியில் ஆடுமாடுகளும், மிதிவண்டியிற் பள்ளி செல்லும் பிள்ளைகளும் வருவர். மஸ்டாங்கோ 1.9 மீட்டருக்கு மேல் அகலமுடையது. எதிரே ஒரு பேருந்து வரின் ஒன்று வயலோரம் ஒதுங்கவேண்டும். வண்டியின் அடிப்புறம் தரைக்கு மிக அண்மையில் இருத்தலின், பள்ளிக்கூட வாயில்தோறும் உள்ள வேகத்தடையைச் சாய்வாகவே ஏறி இறங்கவேண்டும்.

வேகத்தின் கணக்கையும் மறத்தலாகாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்வோன் ஒரு நொடியில் 14 மீட்டர் கடக்கிறான். 100 கிலோமீட்டராயின் 28 மீட்டர். கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள்ளே அத்தூரம் கழிந்துவிடும். அதன்பின் வண்டி நிற்கும் தூரமோ இருமடங்கு வேகத்திற்கு நான்மடங்காகும். ஏனெனில் ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அன்றியும் இவ்வண்டியில் இயந்திரம் முன்னிருந்து பின்சக்கரங்களைச் செலுத்துகிறது. மழை நனைத்த வளைவில் உந்துமிதியைச் சற்றே மிகுதியாய் அழுத்தின், பின்சக்கரங்கள் பிடியிழந்து வண்டியின் வால் பக்கவாட்டில் வீசும். மின்னணுக் காவற் கருவி இதனைப் பெரிதும் தடுக்கும். ஆயினும் சேறும் வைக்கோலும் படிந்த சாலையில் இல்லாத பிடியை எக்கருவியும் உண்டாக்காது. திருவாரூர்த் தேர் வீதியைப் பார்த்தவர் இதனை எளிதில் உணர்வர். வடம் பிடிப்போர் எண்ணற்றவர். எனினும் தேரை வளைவில் திருப்பி நிலைக்குக் கொணர்வோர் முட்டுக்கட்டை போடுபவரே. இழுப்பவர் பெருகப் பெருக, கட்டை போடுபவரின் விழிப்பும் பெருகவேண்டும்.

பேணுதலும் எளிதன்று. நெருக்கடி மிக்க தெருவில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் செல்லின் நன்று எனக் கொள்ளவேண்டும். கடற்காற்றின் உப்பு அடிப்புறத்து இரும்பை அரிக்குமாதலின், நல்ல நீரால் அடிக்கடி கழுவவேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையிற் சாலைமேல் நீர் நின்றால் வண்டியை வெளியே எடாமலிருத்தலே அறிவு. காற்றுக் குழாய்வழி நீர் சிலிண்டருட் புகுந்தால், காற்றைப்போல் நீர் சுருங்காதாகையால், பிஸ்டனைத் தாங்கும் இருப்புத் தண்டே வளைந்துவிடும். மேலும் 2020ஆம் ஆண்டு ஏப்பிரலில் பாரத் 6 என்னும் புகைவிதி நடைமுறைக்கு வந்தபோது இவ்வண்டியின் விற்பனை இந்தியாவில் நின்றது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்டு கம்பெனி இந்நாட்டில் வண்டி செய்தலையே நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே இன்று பழைய மஸ்டாங்கை வாங்க எண்ணுவோர், அதன் விலையை மட்டுமன்றி, உதிரி உறுப்பு வரும் தூரத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு கண்ணாடி உடைந்தாலும் வாரக்கணக்காய்க் காத்திருக்க நேரலாம்.

இவ்வளவும் கூறியதனால் இவ்வண்டியை நாம் பழிக்கிறோம் என எண்ணற்க. அதன் அமைப்பில் எஞ்சினியர் பலருடைய அரை நூற்றாண்டு அறிவு பொதிந்துள்ளது. தன் உழைப்பால் ஈட்டிய பொருளைக்கொண்டு, கடன் இன்றி, உரிய வரி செலுத்தி, விடியற்காலையில் வெறிச்சோடிய பெருவழியில் அளவான வேகத்தில் அதனை ஓட்டி மகிழ்பவரை எவரும் குறைகூறுதல் தகாது. வீணை வாசிப்போர்க்கு நரம்பு எங்ஙனமோ, அங்ஙனமே இயந்திர இன்பம் அறிந்தோர்க்கு அவ்வுறுமல். குறை கூறத்தக்கது, நிலத்தை விற்றோ தங்கையின் திருமணத்திற்கு வைத்த பொருளைக் கரைத்தோ பிறர் கண்முன் மிளிர விரும்பும் ஆசை ஒன்றே. பதினெட்டு நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தையும் அவ்வாசைக்கு அடிமையே. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, சிறுவன் வண்டியோட்டிப் பிழை செய்யின் அவனைக் காப்பவர்க்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டுவரை சிறையும் உண்டு என்பதை அவர் அறிக.

அமெரிக்காவிலும் காலம் மாறிவருகிறது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் டாட்ஜ் சேலஞ்சர், செவர்லே கமாரோ ஆகிய இரண்டின் உற்பத்தியும் முடிவுற்றது. மஸ்டாங் மட்டும் ஏழாந் தலைமுறையாக எட்டுச் சிலிண்டருடன் தொடர்ந்தது. மறுபுறம், உறுமலே இல்லாத மின்வண்டிகள் அதனினும் விரைவாகப் பாயத் தொடங்கிவிட்டன. வலிமை பெறுதல் நாளுக்கு நாள் எளிதாகின்றது. வலிமையை அடக்கும் மனத்தைப் பெறுதலோ என்றும்போல் அரிதாகவே உள்ளது.

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் பிற்காலத்தில் இத்தகைய வண்டிகளை ஆக்கும் எஞ்சினியராகலாம். சிலர் வாங்கும் செல்வமும் பெறலாம். யானையை உடையவன் பெருமை அதன் உயரத்தில் இல்லை. தெருவில் விளையாடும் குழந்தைக்கு ஊறு நேராமல் அதனை நடத்தி வரும் பாகனின் கையில் உள்ளது. நானூறு குதிரைகளை ஆள விரும்புவோர், முதலில் நெல் உலரும் சாலையில் நடந்து செல்லும் ஒருவருக்கு வழிவிடக் கற்பாராக.