பார்ப்பு என்னும் பொதுப்பெயர்: உடும்பும் தேன்சிட்டும்

தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர்கள் ஒன்பதனைத் தொகுத்துரைத்து, அவற்றுள் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டனைப் பறப்பவற்றுக்கு உரிமையாக்குகிறது. அடுத்த நூற்பாவில் தவழ்பவற்றுக்கும் அவையே உரியன என்கிறது. பறப்பனவும் தவழ்வனவும் ஒருபெயர் பெறுதற்கு அடிப்படை யாது என்னும் வினா இங்கு எழுகிறது. தவழ்பவற்றுள் உடும்பையும், பறப்பவற்றுள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கே உரிய சின்னத் தேன்சிட்டையும் எடுத்து ஒப்பிடின் இவ்வினா தெளிவுபெறும்.

புறத்தோற்றத்தில் இரண்டும் மிகவும் வேறுபட்டவை. நன்கு வளர்ந்த உடும்பு வாலுட்பட ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளமுடையது; தேன்சிட்டோ ஏறத்தாழ 8 செ.மீ. அளவினது. உடும்பு வெயில் காய்ந்து உடற்சூட்டைப் பெறுகிறது. தேன்சிட்டு உண்ட உணவை எரித்துத் தன்னுள்ளேயே சூட்டை உண்டாக்குகிறது. ஆதலின் பகலெல்லாம் தேனும் சிறுபூச்சியும் தேடி அலைகிறது. உடும்பு பல முட்டைகளை மண்ணிலோ கறையான் புற்றிலோ புதைத்துவிட்டு நீங்கும். தேன்சிட்டு தொங்குகூட்டில் இரண்டு முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளுக்கு இரையூட்டும்.

எனினும் ஒற்றுமைகளும் உள. இரண்டும் முட்டையிடுவன; கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றி உடல்நீரைச் சேமிப்பன. பறவைகளின் நுரையீரலில் காற்று பெரும்பாலும் ஒரே திசையில் செல்லும். ஆப்பிரிக்கப் புல்வெளி உடும்பின் நுரையீரலிலும் அத்தகைய ஓட்டம் உண்டென்பதை 2014இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இவ்வொற்றுமைகளைக் கொண்டு மரபியல் தற்கால உயிரியலை முன்னுணர்ந்தது எனக் கூறுதல் பொருந்தாது. பறவைக்கு இன்று வாழும் மிக நெருங்கிய உறவு முதலையேயன்றி உடும்பன்று. மரபியலோ தவழ்பவை அனைத்தையும் ஒரு தொகுதியாகவே கொள்கிறது. தாயின் பேணுதலும் இப்பெயருக்கு அடிப்படையன்று. தாய்முகம் நோக்கி வளரும் ஆமையின் இளமையையும், தாயே தின்னும் முதலையின் இளமையையும் ஐங்குறுநூறு பார்ப்பு என்றே வழங்குகிறது.

எனவே, முட்டையிலிருந்து வெளிவருதல் என்னும் கண்கூடான பிறப்புமுறையே இப்பொதுப்பெயருக்கு அடிப்படையாதல் கூடும். மரபியல் தொகுப்பது உயிர்களின் வழிமுறை உறவை அன்று. வழக்கில் நிலைபெற்ற சொல்லுரிமையையே. இவ்வேறுபாட்டைப் பேணுவதே அந்நூலுக்கும் அறிவியலுக்கும் ஒருசேர நீதி செய்வதாகும்.