விறைத்த நுரையீரலுக்குரிய மருந்துகள்

மூச்சுத் திணறல் என்று நாம் பொதுப்படக் கூறும் துன்பம் ஒரே நோயன்று. பஞ்சுத் தூசியில் பல்லாண்டு உழைத்தவருக்கு, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளன்று நெஞ்சு இறுகுமாயின், அங்கே சுருங்கியிருப்பது காற்றுக் குழாய். அதற்குரிய மருந்துகள் வேறு. அவற்றை இங்கே கூறப் புகவில்லை. இக்கட்டுரை, குழாய் திறந்திருந்தும் நுரையீரலே விறைத்து விரிய மறுக்கும் நோயையும், அதன் விளைவாக நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும் நிலையையும் பற்றியதாகும். இவ்விரண்டிற்கும் இன்று மருந்துகள் உள்ளன. ஆயினும் ஒருவருக்கு நலம் செய்யும் மாத்திரையே, அதே போல மூச்சு வாங்கும் மற்றொருவருக்குக் கேடு செய்யக்கூடும். அண்டை வீட்டாரின் மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கும் வழக்கம் நம்மிடையே உண்டாதலின், இதன் காரணத்தை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கஞ்சி அளவுக்கு மீறி ஏறிய பாவு நூல் விறைத்து, வளைந்து கொடாமற் போவதை நெசவாளர் அறிவர். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்கு இடைப்பட்ட மெல்லிய திசு அழற்சியுற்றுத் தழும்பேறினால் அதுவும் அவ்வாறே விறைத்துவிடும். நோயாளி ஆழ்ந்து மூச்சிழுக்க இயலாமல் மேலோட்டமாக விரைந்து மூச்சு விடுவார், வறட்டிருமல் விடாது, படியேறினால் இளைக்கும்.

தழும்பேறுவதற்குக் காரணம் பல. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் பிரிக்குங்கால் எழும் தூசியும் அவற்றுள் ஒன்று. ஈர வைக்கோலைக் கையாண்ட உழவர்களுக்கு உண்டான இந்நோயை இங்கிலாந்தில் 1932-ஆம் ஆண்டில் ஒரு வைத்தியர் விவரித்து எழுதினார். தூசியைச் சுவாசித்த 4 முதல் 8 மணி நேரத்திற்குள் காய்ச்சலும் இருமலும் வந்து, ஓரிரு நாளில் தணிந்துவிடுவதால், சாதாரண ஜுரமென்று விட்டுவிடுகிறோம். மீண்டும் மீண்டும் நேரின் தழும்பு நிலைத்துவிடும். நம் நாட்டின் 19 நகரங்களில் 1084 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிடப்பட்ட பதிவேட்டின்படி, அவர்களுள் 47 சதவிகிதத்தினருக்கு இருந்தது, இவ்வாறு சுவாசத்துடன் செல்லும் பொருள்களை உடல் ஒவ்வாமையால் எதிர்ப்பதனால் வரும் வகையே. வைக்கோல் மட்டுமன்று, ஈரம் தங்கிய ஏர்கூலரும் புறாக்களின் எச்சமும் காரணமாகலாம்.

இவ்வகைக்கு முதல் மருந்து விலகுதலே. காரணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் விழுங்குவது, ஓட்டையை அடைக்காது தோணியில் நீர் இறைப்பதை ஒக்கும். விலகியபின்னும் அழற்சி தணியாவிடில் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை டாக்டர் சில காலம் கொடுப்பார். அதனைத் தாமாகவே திடீரென நிறுத்துதல் கூடாது.

இதே ஸ்டீராய்டு, காரணம் புலப்படாமல் பெரும்பாலும் முதிய வயதில் வரும் தழும்பு நோய்க்கும் பல்லாண்டுக் காலம் தரப்பட்டு வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் அதனுடன் அஸதயோபிரின் முதலிய இரு மருந்துகளைச் சேர்த்து ஒரு சாராருக்கும், வெற்று மாத்திரையை மறு சாராருக்கும் கொடுத்துப் பார்த்தனர். 2012-ல் வெளியான முடிவின்படி, மருந்துண்ட 77 பேரில் 8 பேர் மாண்டனர்; வெற்று மாத்திரையுண்ட 78 பேரில் ஒருவரே மாண்டார். நல்லதென்று நம்பிய முறை அத்துடன் கைவிடப்பட்டது.

அதன் இடத்தைப் பிடித்தவை பிர்பெனிடோன், நின்டெடானிப் என்னும் இரண்டு. 2014 அக்டோபரில் இரண்டிற்கும் அமெரிக்காவில் ஒரே நாளில் அனுமதி கிடைத்தது. இவை தழும்பைக் கரைப்பவையல்ல. அது பரவும் வேகத்தைக் குறைப்பவை. வேறு காரணங்களால் தழும்பு பெருகிக்கொண்டே போகும் நோயாளிகளிடம் நின்டெடானிப்பைச் சோதித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், முழு மூச்சில் வெளிவிடும் காற்றின் அளவு, மருந்தில்லாதோர்க்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 188 மில்லி லிட்டரும், மருந்துண்டோர்க்குச் சுமார் 81 மில்லி லிட்டரும் குறைந்தது. மருந்துண்டும் இளைப்பு நீங்கவில்லையே என்று நிறுத்திவிடுவோர் இக்கணக்கை நினைவிற் கொள்வாராக. பிர்பெனிடோன் உண்பவர் வெயிலில் நின்றால் தோல் எரிந்து சிவக்கும். வயலில் உழைப்போர் இதை டாக்டரிடம் முன்னரே கூறிவிட வேண்டும். நின்டெடானிப் வயிற்றுப் போக்கு உண்டாக்கும். கருவுற்றோர் அதனை உண்ணலாகாது. இரண்டிற்கும் ஈரலைக் குறித்த இரத்தப் பரிசோதனை அவ்வப்போது தேவை.

இனி அழுத்தத்தைப் பற்றிக் கூறுவோம். கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் வேறு, இது வேறு. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாயில் சராசரி அழுத்தம் ஓய்வு நிலையில் 20 மில்லிமீட்டர் பாதரசத்திற்கு மேற்பட்டால் அது நோய். வலப்பக்க இதயம் சளைத்துக் கால் வீங்கும். சிலருக்கு மயக்கமும் வரும்.

நுரையீரலுக்கு வியக்கத்தக்க ஓர் இயல்புண்டு. பூனையைக் கொண்டு 1946-ல் ஆய்லர், லில்யஸ்ட்ராண்ட் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் இருவர் இதனை விளக்கிக் காட்டினர். பிராணவாயு குறைந்த பகுதிக்குச் செல்லும் இரத்தக் குழாய் தானே சுருங்கி, இரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடுகிறது. விளையாத தரிசுக்குப் போகும் மடையை அடைத்து, பயிருள்ள வயலுக்கு நீரைத் திருப்பும் உழவன் செய்வதும் இதுவே. தழும்பு மிகுந்தால் அடைபட்ட மடைகளும் மிகுந்து, வாய்க்காலில் அழுத்தம் ஏறுகிறது.

மடைகளையெல்லாம் திறந்துவிட்டால் என்ன? நுரையீரல் திசு செம்மையாயிருந்து இரத்தக் குழாய்களே நோயுற்றவர்க்கு அது பெரிதும் பயன்படுகிறது. அவர்களுக்கென அமெரிக்காவில் 2001-ல் போசென்டானும், 2005-ல் சில்டெனாபிலும் அனுமதி பெற்றன. ஆனால் தழும்பேறிய நுரையீரலில் அதே வகை மாத்திரை, தரிசின் மடையையும் சேர்த்துத் திறக்கக்கூடும்; பிராணவாயு ஏற்காத இரத்தம் அவ்வழியே திரும்பிவரும். காரணம் புலப்படாத தழும்பு நோயாளிகளுக்கு ஆம்பிரிசென்டான் கொடுத்த ஆய்வு, பயன் கிட்டும் வாய்ப்பு அரிதெனக் கண்டு இடையில் நிறுத்தப்பட்டு, மருந்துண்டோர்க்கே நோய் முற்றுவது மிகுதி என்னும் முடிவுடன் 2013-ல் வெளியாயிற்று. தழும்புடன் அழுத்தமும் உடையவர்களிடம் ரியோசிகுவாட்டைச் சோதித்த ஆய்வும், மரணமும் பிற கேடுகளும் மிகுந்தமையால் 2016-ல் நிறுத்தப்பட்டது.

இச்சிக்கலுக்கு ஒரு வழி காணப்பட்டது. டிரெப்ரோஸ்டினில் என்ற மருந்தை விழுங்காமல், ஆவியாக்கிச் சுவாசித்தால், காற்று செல்லும் இடத்திற்கே அதுவும் செல்லும். பயிருள்ள வயலின் மடையே பெரிதும் திறக்கும். 326 நோயாளிகளிடம் 16 வாரம் சோதித்ததில், 6 நிமிடத்தில் நடக்கும் தூரம் மற்றவரைக் காட்டிலும் 31 மீட்டர் மிகுந்தது. 2021-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. 31 மீட்டர் அற்பமென்று தோன்றலாம். திண்ணையைத் தாண்ட இயலாதவருக்கு அது தெருக்கோடி வரை செல்லும் வலிமை.

எனவே மருந்துக்கு முன் நோயின் வகை தெரிய வேண்டும். மூச்சளவுப் பரிசோதனை, சி.டி. படம், இதய எக்கோ ஆகியவை முதற்படி. அழுத்தத்தை உறுதியாக அளக்க, நரம்பு வழியே மெல்லிய குழாயை இதயத்துள் செலுத்துவர். 1929-ல் ஜெர்மானிய வைத்தியர் போர்ஸ்மன் தம் கை வழியாகத் தமக்கே செய்து பார்த்த முறை இது. 1956-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெயர் கேட்டு அஞ்சவேண்டுவதில்லை.

மார்வலிக்கு நாவின் கீழ் நைட்ரேட் மாத்திரை வைத்துக்கொள்பவர் சில்டெனாபில் உண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழும். போசென்டான் வகையைக் கருவுற்றோர் உண்டால் சிசுவிற்கு ஊனம் நேரும். பிராணவாயு அளவு 88 சதவிகிதமோ அதற்குக் கீழோ நிலைத்திருப்பவருக்கு, மேற்கூறிய எல்லாவற்றையும்விடப் பிராணவாயுவே சுருங்கிய குழாயைத் தளர்த்தும் இயற்கை மருந்து. அதற்கான கருவியை வீட்டில் வைத்திருப்போர், அவ்வறையில் விளக்கேற்றுவதோ பீடி பற்றவைப்பதோ அறவே கூடாது.