இரட்டைச் சக்கரம் – 9: ஒரே நாளில் நாற்பது பஞ்சர்

1897 நவம்பரில் ஒரு அமெரிக்கத் தம்பதி நம் பக்கத்துப் பயணத்தைத் தொடங்கினார்கள். இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை ஆண்டுகள் சுற்றினார்கள். மனைவி ஃபேனி புல்லக் வொர்க்மனுக்கு அப்போது வயது 38. கணவர் வில்லியம் ஹன்டர் வொர்க்மன் தொழிலை விட்டுவிட்ட டாக்டர், வயது 50. ஆளுக்கொரு சைக்கிள். மொத்தத் தூரம் 14,000 மைல், நம் கணக்கில் 22,500 கிலோமீட்டர். மோசமான நாட்களில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள்.

பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கையின் பாரம் புரியும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். டயரின் ஓரத்தை நெம்பிக் கிளப்பி ட்யூபை உருவ வேண்டும். காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால், குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. தண்ணீர் கிடைக்காத இடத்தில் ட்யூபைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, காற்று எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டியதுதான். பிறகு ஈரம் போகத் துடைத்து, சொரசொரப்பாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பாதி காயும்வரை பொறுத்திருந்து ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். அதோடு வேலை முடிவதில்லை. டயரின் உட்புறத்தை விரலால் சுற்றிலும் தடவி முள்ளைத் தேடிப் பிடுங்க வேண்டும். முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டால், பத்தடி போவதற்குள் அதே இடத்தில் மறுபடி குத்தும். ஒன்றுக்குப் பத்தே நிமிடம் என்று வைத்தாலும் நாற்பது பஞ்சருக்கு ஆறு மணி நாற்பது நிமிடம். இருவரும் பங்கு போட்டுக்கொண்டால்கூட, வெயிலில் ஆளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையோரத்திலேயே போய்விடும்.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு உடைமுள்ளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சீமைக் கருவேலம் இன்றைக்குப் போல் மண்டியிராத காலம் அது. ஆனாலும் உடையும் நாட்டுக் கருவேலும் இலந்தையும் ஒரு டயரைப் பதம் பார்க்கப் போதும். இந்தியாவின் தென்முனையிலிருந்து வடக்கே இமயமலை வரை இவர்கள் ஏறக்குறைய 4,000 மைல் மிதித்தார்கள். அந்த நெடுவழியின் தொடக்கம் நம் சமவெளிதான்.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். அதற்கு முன் இருந்தது ஆளுயர முன்சக்கர வண்டி. விழுந்தால் தலைகுப்புறத்தான் விழ வேண்டும். ரோவரில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பெடல் நடுவில், செயின் பின்சக்கரத்தைச் சுழற்றும். இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளுக்கு அதுதான் பாட்டன். 1888-ல் டன்லப்பின் காற்று டயர் வந்து சேர்ந்தது. ஆனால் 1890-களில் ஓடிய சைக்கிள்கள் பலவற்றில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். இறக்கத்தில் காலை ஆறப் போட்டுக்கொண்டு வழுக்கிப் போகிற சுகம் அந்த வண்டியில் இல்லை. பெடலிலிருந்து காலை எடுத்துத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் உண்டு. கியர் மாற்றுகிற வசதியும் அப்போது ஏது? ஃபேனி ஓட்டியது இப்படிப்பட்ட காலத்தில். அதுவும் கணுக்கால் வரை நீண்ட பாவாடையோடு.

நம் ஊரில் கணவன் மனைவி சைக்கிளில் போவதென்றால் எப்படிப் போவார்கள்? அவர் மிதிப்பார், இவர் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்துகொள்வார், கம்பியில் ஒரு குழந்தை. கேரியரில் இருப்பவருக்கு முன்னால் தெரிவது கணவரின் முதுகுதான். சாலை அவருக்குப் பக்கவாட்டில் ஓடும். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதெல்லாம் மிதிப்பவர் கையில். வொர்க்மன் தம்பதியை இந்தத் தொடருக்கு நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதற்கு நேர்மாறான ஒரு விஷயம். அவர்களில் யாரும் யாருக்கும் வழித்துணையாக மட்டும் போகவில்லை. ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு மூட்டை, ஆளுக்கொரு வேலை. இந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தின் முகப்பிலும் இருவர் பெயர்.

ஃபேனி பிறந்தது 1859-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்துப் பெரிய பணக்காரக் குடும்பத்தில். அப்பா அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர். தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த வில்லியமைக் கல்யாணம் செய்துகொண்டார். மனைவிக்கு மலையேற்றத்தைப் பழக்கிவிட்டவர் வில்லியம்தான். 1889-ல் உடம்பு சரியில்லை என்று வில்லியம் தொழிலை விட, குடும்பம் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குக் குடிபோனது. மகள் ரேச்சல், மகன் சீக்ஃப்ரைட். 1893-ல் அந்தச் சிறுவன் காய்ச்சலும் நிமோனியாவும் வந்து இறந்தான். நான்கு வயதுப் பிள்ளை.

அவர்களுடைய நெடும்பயணங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். முன்பும் ஐரோப்பாவில் அங்கும் இங்கும் சைக்கிளில் சுற்றியவர்கள்தான். ஆனால் பிள்ளை போன பிறகு அல்ஜீரியாவில் அட்லஸ் மலையைத் தாண்டி சஹாரா வரை போனார்கள். 1895-ல் ஸ்பெயின் முழுக்க 2,800 மைல். ஒரு நாளைக்குச் சராசரியாக 45 மைல், சில நாள் 80 மைல். அதாவது சென்னையிலிருந்து திண்டிவனம் தாண்டுகிற தூரம். நாய்களை விரட்டச் சாட்டை, ஆபத்துக்குத் துப்பாக்கி. ஸ்பெயின் சாலைகளில் கோவேறு கழுதைகள் சைக்கிளைக் கண்டு மிரண்டு ஓட, ஓட்டிகள் சண்டைக்கு வந்தார்கள். எந்தத் துக்கத்திலிருந்து இவர்கள் ஓடினார்கள் என்று ஊகித்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: வீட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாத துக்கம் என்று ஒன்று உண்டு. நாள் முழுக்க மிதித்துக் களைத்துப்போனால் ராத்திரி தூக்கமாவது வரும்.

இந்தியப் பயணத்தில் கூடவந்த சாமான் கொஞ்சம்தான். டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுசாமான், மருந்துப் பெட்டி, பஞ்சர் சாமான். ஃபேனியின் ஹேண்டில்பாரில் ஒரு டீ கெட்டில் தொங்கும். நாடு தெரியாதவர்கள், சாப்பாடு கிடைக்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக ரயில் பாதையை ஒட்டியே வழி போட்டுக்கொண்டார்கள். தங்க இடம் கிடைக்காத ராத்திரிகளில் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் படுத்தார்கள். கிடைத்த இடங்களில் எலி. கூடவே கொசு. அன்றைய முசாபரி பங்களா, ரயில்வே வெயிட்டிங் ரூம் இரண்டையும் நினைத்துப் பாருங்கள்: பகலெல்லாம் மிதித்து வந்த ஐம்பது வயது மனிதரும் அவர் மனைவியும் மரபெஞ்சில் கம்பளியை விரித்துத் தலையணையைப் போடுகிறார்கள். இருவரிடமும் ஊரில் பெரிய வீடு வாங்கிச் சுகமாக இருக்கப் போதுமான பரம்பரைச் சொத்து இருந்தது.

இந்தப் பயணத்தைப் பற்றிய அவர்களுடைய புத்தகம் 1904-ல் வெளிவந்தது. ‘நகரமும் காடும் கடந்து’ என்று தலைப்பைச் சொல்லலாம். கோயில்கள், ஸ்தூபிகள், பழைய கட்டடங்கள் மீது அவர்களுக்கு இருந்த தாகம் பெரியது. ஒரு கோபுரத்தைப் பார்ப்பதற்காக முள் பாதையில் நாள் முழுக்க மிதிக்கத் தயங்காதவர்கள். அந்த அக்கறைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் கட்டடங்களுக்குக் கிடைத்த கவனம் அவற்றைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1896-97ல் ஒரு பஞ்சம், 1899-1900ல் இன்னொரு பஞ்சம், பம்பாயில் தொடங்கிய பிளேக். இந்த நாடு நொந்துபோய்க் கிடந்த ஆண்டுகள் அவை. சைக்கிளில் போகிறவருக்குக் கார்க்காரருக்கோ ரயில்காரருக்கோ இல்லாத ஒரு வசதி உண்டு: நிற்கலாம், பேசலாம், ஒரு திண்ணையில் உட்காரலாம். அந்த வசதியை இவர்கள் கல்லுக்குச் செலவழித்த அளவு மனிதர்களுக்குச் செலவழிக்கவில்லை. எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

1898 கோடையில் வெக்கை தாங்காமல் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு இமயமலைக்கு ஏறினார்கள். 14,000 அடியிலிருந்து 18,000 அடி வரையிலான கணவாய்களை நடந்தே கடந்தார்கள். மலை அவர்களைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர்கள் வாழ்க்கை பெரும்பாலும் பனிமலைதான். ஆனால் மலையில் மூட்டையைத் தாங்களே கட்டிக்கொண்டு போக முடியாது, ஆள் வேண்டும். அங்கேதான் இவர்களுடைய குறை பளிச்சென்று தெரிகிறது. அந்த ஆண்டு சிக்கிம் பக்கம் கஞ்சன்ஜங்காவை நோக்கிப் போன பயணம், சுமை தூக்கியவர்களோடு ஒத்துப்போகாமலும் குளிர் முந்திக்கொண்டதாலும் பாதியில் நின்றது. பின்னாளிலும் கூலியாட்களைப் பற்றி இவர்கள் எழுதியதில் புகார்தான் அதிகம். தங்களுக்குள் எல்லாவற்றையும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த இருவருக்கு, நாற்பது ஐம்பது பேருடைய குளிரும் பசியும் ஏன் உறைக்கவில்லை? பணக்கார வளர்ப்பு, வெள்ளைக்கார ஆட்சிக் காலம் என்று காரணம் சொல்லலாம். காரணம் சொல்வதால் அந்தக் கூலியாட்கள் சுமந்த சுமை குறைந்துவிடாது.

மறு ஆண்டு, 1899-ல், காரகோரம் மலைப்பகுதிக்குப் போனார்கள். அங்கே 18,600 அடி உயரச் சிகரம் ஒன்றில் ஏறி அதற்கு ‘சீக்ஃப்ரைட்ஹோர்ன்’ என்று பெயர் வைத்தார்கள். செத்துப்போன பிள்ளையின் பெயர்.

உயிரோடு இருந்த மகள் ரேச்சல் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தாள். பெற்றோர் ஆண்டுக்கணக்கில் வெளியே. இதைப் படிக்கிற தாய்மார்களுக்கு ஃபேனி மேல் கோபம் வரும் என்று தெரியும். எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அதே வருத்தத்தை வில்லியம் மேலும் வைக்க வேண்டும் என்பேன். ஊர் சுற்றிய அப்பாக்களிடம் யாரும் பிள்ளையை எங்கே விட்டீர்கள் என்று கேட்பதில்லை. ரேச்சல் தன் வழியில் பெரிய ஆளாக வந்தார், நிலவியல் படித்தார், லண்டன் நிலவியல் கழகம் 1919-ல் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அதில் இடம்பெற்றார். கான்பூரில் கம்பளி ஆலை நடத்திப் பணம் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் மேக்ராபர்ட்டை மணந்தார். மூன்று மகன்களையும் அவர் பறிகொடுத்தார், மூவரையும் வானத்தில்: ஒருவர் 1938-ல் விமான விபத்தில், இருவர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில். அந்தத் தாய் 25,000 பவுண்டு கொடுத்து விமானப் படைக்கு ஒரு குண்டுவீச்சு விமானம் வாங்கித் தந்தார். ‘மேக்ராபர்ட்டின் பதில்’ என்று அந்த விமானத்தில் எழுதியிருந்தது. ஃபேனியின் மகள்தான், சந்தேகமே இல்லை.

இனி இந்தத் தம்பதியிடம் நான் மிகவும் மதிக்கிற விஷயம். இமயமலைப் பயணங்களில் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு பயணத்தின் ஏற்பாடு, ஆள் சேர்ப்பு, தலைமை எல்லாம் ஒருவர் பொறுப்பு என்றால், அளவெடுப்பதும் படம்பிடிப்பதும் மற்றவர் பொறுப்பு. அடுத்த பயணத்தில் அப்படியே மாற்றிக்கொள்வார்கள். 1912-ல் சியாச்சின் பனியாற்றுப் பயணத்துக்குத் தலைமை ஃபேனி. அவருக்கு வயது 53, வில்லியமுக்கு 65. அங்கே ஏறக்குறைய 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி ஃபேனி நிற்கும் படம் உலகப் புகழ் பெற்றது. அப்போது அவருடைய சொந்த நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லை.

எத்தனை வீடுகளில் டூர் கிளம்பும்போது டிக்கெட், வழி, ஹோட்டல் எல்லாம் ஒருவர் முடிவு, துணி மடிப்பதும் பிள்ளைகளுக்கு மாத்திரை எடுத்துவைப்பதும் மற்றவர் தலையில் என்று இருக்கிறது! மாமல்லபுரத்துக்கோ மேகமலைக்கோ போகிற இரண்டு நாள் பயணமாக இருந்தாலும் சரி, ஒரு தடவை இந்தப் பொறுப்பை மாற்றிப் பாருங்கள். இதுவரை பின்னால் உட்கார்ந்து வந்தவர் வழி சொல்லட்டும். எங்கே நிற்பது என்று அவர் முடிவு செய்யட்டும். வழி தவறினால் சேர்ந்தே தவறிக்கொள்ளலாம்.

ஃபேனி 1925-ல் பிரான்சின் கான் நகரத்தில் இறந்தார். அமெரிக்காவின் நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு 1,25,000 டாலர் எழுதிவைத்திருந்தார். வில்லியம் தொண்ணூறு வயது வரை இருந்து 1937-ல் போனார்.

இவர்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு முன்பே, 1884-ல், கல்யாணமான கையோடு லண்டனிலிருந்து கேன்டர்பரிக்கு ஒரே மூன்று சக்கர வண்டியில் இருவராக மிதித்துப் போன இன்னொரு அமெரிக்கத் தம்பதி உண்டு. எழுதுவது மனைவி எலிசபெத் பென்னல், படம் வரைவது கணவர் ஜோசஃப் பென்னல். அடுத்த வாரம் அவர்கள்.

(தொடரும்)